நாலரை வருடமாகச் சண்டையே போடாத ஜோடி

நாலரை வருடத்தில் நாங்கள் ஒருமுறைகூடக் குரல் உயர்த்திப் பேசிக்கொண்டதில்லை. நண்பர்கள் அவரவர் வீட்டுச் சண்டையைச் சொல்லிப் புலம்பும்போது நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருக்கும். "உங்களுக்குள்ள சண்டையே வராதா?" என்று யாராவது கேட்டால், "எதுக்கு வரணும்?" என்று திருப்பிக் கேட்பேன். அப்படிப்பட்ட உறவு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துபோனது. அன்றைக்கும் யாரும் சத்தம் போடவில்லை. பெரும்பாலும் அவள் பேசினாள், நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

போனது என்னவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலரை வருடம். அதற்குப் பிறகு, வேலைக்குப் போய்வருவதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்யாத ஒன்றரை வருடம். பணமாகப் பார்த்தால் என் பதினொரு மாதச் சம்பளம். யாரும் என்னை ஏமாற்றவில்லை, அவளும் கெட்டவள் இல்லை. காதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நானே சில விஷயங்களை நம்பியிருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை தப்பு. அவள் பக்கத்துக் கதையை அவள்தான் சொல்ல வேண்டும், இங்கே இருப்பது என் பக்கம் மட்டும்.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன். பழகத் தொடங்கிய முதல் நாலைந்து மாதம் அவளிடமிருந்து பதில் எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. ஒருநாள் இரவு இரண்டு மணி வரை பேசுவாள், அடுத்த இரண்டு நாள் சத்தமே இருக்காது. போன் மினுக்கென்று ஒளிர்ந்தால் நெஞ்சு படபடக்கும். தூக்கம் போனது, வேலையில் தப்புத் தப்பாகச் செய்தேன். இவ்வளவு படபடப்பு இருந்தால் இது சாதாரண விஷயமாக இருக்க முடியாது, இதுதான் அது, என்று முடிவுகட்டிவிட்டேன். அதற்கு முன்பு ஒரு தோழியுடன் பழகியபோது மனது நிம்மதியாகவே இருந்தது. படபடப்பு எதுவும் இல்லையே என்பதற்காகவே அது காதல் இல்லை என்று விலகிவந்தவன் நான். இதை எழுதும்போது என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

படபடப்பைப் பற்றி ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. பிரிந்த பிறகு தூக்கம் வராத இரவுகளில் இதுபோல நிறையப் படித்தேன். டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் நடத்தி 1974-இல் வெளியிட்டது. 230 அடி ஆழப் பள்ளத்தின் மேல் ஆடிக்கொண்டிருக்கும் தொங்குபாலம் ஒன்று, ஆடாத உறுதியான பாலம் ஒன்று. இரண்டிலும் வரும் ஆண்களை ஒரு இளம்பெண் நிறுத்திச் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுக்கிறார். பிறகு அவரை அழைத்தவர்களில் தொங்குபாலத்து ஆட்கள்தான் அதிகம். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை அந்தப் பெண்ணின் மேல் வந்த ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். என் பாலம் அந்த போன்தான். பதில் வருமா வராதா என்ற பதற்றத்தைத்தான் நான் காதலின் அளவுகோலாக வைத்திருந்தேன். படபடப்பு இருந்தால் அது பொய்க் காதல் என்று சொல்ல வரவில்லை, பிறகு எங்களுக்குள் நிஜமாகவே அன்பு வந்தது. ஆனால் புதிதாகப் பழகும் ஒருவரைப் பற்றி முடிவெடுக்கும்போது, இவர் எதிரில் இல்லாத நேரத்தில் எனக்கு எப்படி இருக்கிறது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வயிற்றைப் பிசைந்துகொண்டே இருந்தால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

சரி, சேர்ந்தோம். முதல் வருடம் நன்றாகத்தான் போனது. பிரச்சினைகள் சின்னதாக வந்தன. அவள் எங்கேயும் கடைசி நிமிடத்தில்தான் கிளம்புவாள். நான் பயணம் என்றால் அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்திருக்கும் ஆள். ஒருமுறை ரயில் நகரத் தொடங்கிய பிறகுதான் நாங்கள் நடைமேடைக்குள்ளேயே ஓடி வந்தோம். எப்படியோ ஏறிவிட்டோம். அவளுக்குச் சிரிப்பு. எனக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "கோபமா?" என்றாள். "சேச்சே, ஒண்ணுமில்ல" என்றேன். சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் இரண்டு முறை பேச்சுக் கொடுத்துப் பார்த்துவிட்டு, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டாள். பெருந்தன்மையாகச் சண்டையைத் தவிர்த்துவிட்டேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது சண்டைதான், நான் மட்டும் தனியாகப் போட்ட சண்டை. அவளுக்கு அதில் கலந்துகொள்ளக்கூட வாய்ப்பில்லை.

இந்த "ஒண்ணுமில்ல" நாளாக நாளாகப் பெருகியது. அவளும் பழகிக்கொண்டாள். ஊடல் என்று நம் மொழியில் அழகான சொல் இருக்கிறது. கோபித்துக்கொள்வதும் சமாதானம் ஆவதும் சேர்ந்ததுதான் அது. நாங்கள் செய்தது ஊடல்கூட இல்லை, கோபத்தை மடித்து உள்ளே வைத்து மூடுவது மட்டும்.

ராய் ஐடெல்சன், நார்மன் எப்ஸ்டீன் என்ற இருவர், தம்பதிகளின் மனதில் இருக்கும் கேடான நம்பிக்கைகளை அளக்க 1982-இல் ஒரு வினாத்தாள் தயாரித்தார்கள். அதில் ஐந்து நம்பிக்கைகள் வருகின்றன. கருத்து வேறுபாடு வந்தால் உறவு கெட்டுவிடும். உண்மையாக நேசிப்பவர் சொல்லாமலே மனதைப் புரிந்துகொள்ள வேண்டும். கூட இருப்பவரை மாற்றவே முடியாது. உடலுறவில் எப்போதும் குறையே இருக்கக்கூடாது. ஆணும் பெண்ணும் அடிப்படையிலேயே வேறு வேறு பிறவிகள். படித்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முதல் இரண்டும் அப்படியே நான்தான். நான் பிறப்பதற்கு முன்பே யாரோ எழுதிவைத்த பட்டியலில் என் பெயர் இருப்பதுபோல இருந்தது.

இரண்டாவது நம்பிக்கைதான் எனக்கு அதிக விலை வைத்தது. மூன்றாவது வருடம் என் அப்பாவுக்கு ஒரு அறுவைசிகிச்சை. அன்று அவளுக்கு அலுவலகத்தில் முக்கியமான வேலை இருந்தது. "நான் வரட்டுமா?" என்று முந்தின இரவே செய்தி அனுப்பினாள். வேண்டாம் என்றேன். மூன்றரை மணி நேரம் அந்த நடைபாதையில் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மின்தூக்கி திறக்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பும். வருவாள், வேண்டாம் என்று சொன்னாலும் வருவாள், உண்மையாக நேசித்தால் வராமல் இருக்க முடியாது. அவள் வரவில்லை. "முடிஞ்சதும் சொல்லு, வேண்டிக்கிட்டே இருக்கேன்" என்று செய்தி மட்டும் வந்தது. நான் "ம்" என்று பதில் போட்டேன்.

அந்த "ம்" எனக்குள் ஒன்றரை வருடம் கிடந்தது. அவள் எதைச் செய்தாலும், அன்றைக்கு வராதவள்தானே என்று ஒரு ஓரத்தில் ஓடும். பிரிந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாக வாயைத் திறந்து அதைச் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து, பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். ரொம்ப நேரம் ஆனது. பிறகு என்னிடம் நீட்டினாள். நான் அனுப்பியிருந்தது இருந்தது: "நீ வர வேண்டாம். நிஜமாத்தான் சொல்றேன்." அதற்குக் கீழே அவள்: "உறுதியா?" அதற்கும் கீழே நான்: "ஆமா, உறுதியா." அந்த மூன்று வரி எனக்குச் சுத்தமாக நினைவில்லை. என் நினைவில் நான் லேசாக மறுத்திருந்தேன், அவள் அதைப் பிடித்துக்கொண்டு வராமல் இருந்துவிட்டாள்.

நெருங்கிப் பழகியவர்களுக்கு நாம் நினைப்பது தானாகப் புரியும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கென்னத் சவிட்ஸ்கி என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு அது. இரண்டு விதமாகப் பொருள்படும் வாக்கியங்களைத் துணைவரும் சொல்கிறார், முன்பின் தெரியாதவர்களும் சொல்கிறார்கள். கேட்பவர் அதன் உண்மையான பொருளைப் பிடிக்க வேண்டும். துணைவர் சொன்னதைச் சரியாகப் பிடித்ததும், தெரியாதவர் சொன்னதைச் சரியாகப் பிடித்ததும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் வாக்கியத்தைச் சொன்னவர்கள், துணைவருக்குத்தான் தங்கள் பேச்சு நன்றாகப் புரியும் என்று அளவுக்கு மிஞ்சி நம்பியிருந்தார்கள். தெரியாதவரிடம் பேசும்போது நாம் விளக்கிச் சொல்கிறோம். தெரிந்தவரிடம் அந்தச் சிரமத்தை எடுப்பதில்லை.

இப்போது நான் செய்வது இதுதான். வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்கிறேன். "வேலை இருக்குன்னு தெரியும், ஆனாலும் நீ ஒரு மணி நேரம் வந்துட்டுப் போனா எனக்கு நல்லா இருக்கும்" என்று அன்றைக்கு எழுதியிருக்கலாம். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை, தானாகச் செய்தால்தான் அன்பு என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானே சொல்லியிருக்கிறேன். கேட்ட பிறகும் ஒருவர் தன் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வருகிறார் என்றால் அதில் எதில் மதிப்புக் குறைகிறது என்று எனக்கு இப்போது புரியவில்லை.

அடுத்தது தியாகம். இரண்டாவது வருடக் கடைசியில் எனக்கு வெளியூரில் இன்னும் நல்ல வேலை ஒன்று கிடைத்தது. அவளை விட்டுப் போக மனமில்லை என்று மறுத்துவிட்டேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் போகச் சொல்வாள், சொல்லாமல் விட்டுக்கொடுப்பதுதான் பெரிது என்று ஒரு எண்ணம். வேடிக்கை என்னவென்றால், சொல்லாத தியாகத்துக்கு நான் தினமும் வட்டி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தாமதமாக வந்தால், உனக்காக நான் எதையெல்லாம் விட்டேன் தெரியுமா என்று மனதுக்குள் ஓடும். அவளுக்கு எப்படித் தெரியும்? கடைசியில் இதையும் அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போட்டேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நான் கேட்டேனா?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, "என்கிட்ட சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேனே. எனக்கும் இந்த ஊர் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது. நான் கேட்டதே இல்லை.

மைக்கேல் ராஸ், ஃபியோர் சிகோலி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கணவனையும் மனைவியையும் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறு சதவீதத்தைத் தாண்டியது. தான் செய்தது அவரவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, அடுத்தவர் செய்தது கண்ணில் படுவதே இல்லை. பாத்திரம் கழுவுவதிலேயே இப்படி என்றால், மனதுக்குள் ரகசியமாக எழுதிய தியாகக் கணக்கு எவ்வளவு தப்பாக இருந்திருக்கும்! எதையாவது விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் விடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். அப்படிச் சொல்லிக்காட்டாமல் உங்களால் விட முடியும் என்றால் விடுங்கள், முடியாது என்றால் விடாதீர்கள்.

பணக் கதை இதைவிட அசிங்கம். நான்காம் வருடம் ஒரு வீட்டில் சேர்ந்து குடியேறலாம் என்று முடிவுசெய்தோம். வீட்டுக்கு முன்பணம், சாமான்கள், பழுதுபார்க்கும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்து என் பெயரில் ஒரு கடன் வாங்கினேன். யார் எவ்வளவு, பிரிந்தால் என்ன, இரண்டும் பேசவில்லை. காதலிப்பவர்கள் கணக்குப் பார்ப்பார்களா? பேச்சை எடுத்தாலே ஏதோ பிரிவதற்குத் திட்டமிடுவதுபோல இருக்கும் என்று பயம் எனக்கு. குடியேறி ஏழு மாதத்தில் பிரிந்தோம். ஒப்பந்தக் காலம் முடிவதற்குள் காலி செய்ததால் முன்பணத்தில் பெரும்பகுதி போனது. சாமான்களைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டேன். கடன் மட்டும் முழுசாக நின்றது. கையெழுத்து என்னுடையது, அதனால் கொடுத்தவரைப் பொறுத்தவரை முழுத் தொகைக்கும் நான்தான் பொறுப்பு. பாதியைத் தருகிறேன் என்று அவளாகவே சொன்னாள், சொன்னபடியே தந்தும்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் அப்படி அமையாது. ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக்கொள்ள ஒரு மணி நேரம் போதும். யார் என்ன போட்டோம், மாதாமாதம் யார் எவ்வளவு கட்டுவது, இடையில் நின்றால் மீதியை யார் பார்ப்பது, அவ்வளவுதான். அந்த ஒரு மணி நேரம் சங்கடமாகத்தான் இருக்கும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்துதான் பதினொரு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். இருவரும் கையெழுத்துப் போட்ட கூட்டுக்கடன் என்றாலும் கவனம் வேண்டும். பொதுவாக அதில் ஒருவர் கட்டாமல் விட்டால் மொத்தத்தையும் மற்றவரிடம் கேட்பார்கள். பாதிக்கு மட்டும்தான் பொறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

நண்பர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையான துணை என்றால் அந்த ஒருவரே நண்பர், ஆலோசகர், ஊர், உலகம் எல்லாமாக இருக்க வேண்டும் என்று நினைத்து, மற்றவர்களை ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டேன். அவள் கேட்டுச் செய்ததில்லை. அவள் தன் தோழிகளுடன் வெளியே போனால் எனக்கு லேசாக மனது சுருங்கும். பொறாமைப்படுவதுதான் அன்புக்கு அடையாளம் என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது, அதையும் கணக்கில் சேருங்கள். பிரிந்த அன்று இரவு யாரையாவது கூப்பிட வேண்டும் என்று போனில் பெயர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். கூப்பிடும் உரிமை மிச்சம் இருந்த பெயர் ஒன்றுகூட இல்லை. கடைசியில் மூன்று வருடமாகப் பேசாத ஒரு நண்பனைக் கூப்பிட்டேன். எடுத்ததும் "செத்துப்போயிட்டியோன்னு நெனச்சேன்டா" என்றான். இரவு முழுக்க என்னோடு பேசிக்கொண்டிருந்தான். அந்த மரியாதைக்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை.

அன்று அவள் சொன்னதில் ஒன்றை மட்டும் அப்படியே எழுதுகிறேன், பல மாதம் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது. "நீ கோபமா இருக்கன்னு எனக்குத் தெரியும். எதுக்குன்னு ஒருநாளும் தெரியாது. என்ன தப்பு பண்ணினேன்னே தெரியாம நாலு வருஷமா மன்னிப்புக் கேட்டுட்டு இருக்கேன்." இன்னொன்றையும் சொன்னாள். ஒருமுறை அவளுக்குப் பதவி உயர்வு கிடைத்து, கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஓடிவந்து சொல்லியிருக்கிறாள். நான் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லது. வேலை ஜாஸ்தியாகுமே?" என்றேனாம். எனக்கு அதுவும் நினைவில்லை. அவளுக்குக் கஷ்டம் வந்த ஒவ்வொரு முறையும் நான் கூடவே நின்றேன், அதை அவளும் மறுக்கவில்லை. கஷ்டத்தில் நிற்பதுதான் காதல் என்று நான் நினைத்திருந்தேன். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், துயரத்தில் துணை எப்படி நடந்துகொள்கிறார் என்பதைவிட, நல்ல செய்தி சொல்லும்போது எப்படி எதிர்கொள்கிறார் என்பதில்தான் உறவின் ஆரோக்கியம் தெளிவாகத் தெரிந்தது. இதற்குச் செலவு எதுவும் கிடையாது. போனைக் கீழே வைத்துவிட்டு, எப்படிச் சொன்னாங்க, யார் சொன்னாங்க, நீ என்ன சொன்ன என்று மூன்று கேள்வி கேட்டால் போதும்.

ஒரு வருடம் கழித்துத்தான் மனநல ஆலோசகரிடம் போனேன். அக்கா திட்டித் திட்டி அனுப்பினாள். "பல்லு வலிச்சா போற இல்ல, இதுக்கு என்னடா வெட்கம்?" என்றாள். முதல் நாள் நான் பெருமையாக, எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை என்றேன். அந்த அம்மா குறிப்பேட்டில் எதையோ எழுதிவிட்டு, "அவங்க கோபப்பட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார். "உடனே மன்னிப்புக் கேட்டு முடிச்சிடுவேன்." "எதுக்குக் கோபம்னு கேட்க மாட்டீங்களா?" எனக்குப் பதில் வரவில்லை. அவள் கோபத்தை நான் அணைக்கத்தான் பார்த்திருக்கிறேன், அது என்ன சொல்கிறது என்று கேட்டதில்லை.

அவர் மூலமாகத்தான் ஜான் காட்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பல வருடங்களாகத் தம்பதிகளை உட்காரவைத்துப் பேசச்சொல்லி, அவர்களின் இதயத் துடிப்பைக்கூட அளந்து பார்த்தவர். தம்பதிகளுக்குள் வரும் பிரச்சினைகளில் 69 சதவீதம் கடைசிவரை தீராதவை என்பது அவருடைய கணக்கு. நன்றாக வாழும் ஜோடிகளுக்கும் அப்படித்தான். ஒருவர் சீக்கிரம் கிளம்பும் ஆள், ஒருவர் கடைசி நிமிட ஆள். பத்து வருடம் கழித்தும் அப்படியேதான் இருப்பார்கள், பேசிச் சிரித்துச் சமாளித்துக்கொள்வார்கள். எங்கள் ரயில் கதையை நினைத்துக்கொண்டேன். சண்டைக்கு நடுவில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு நூறைத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது உள்ளே போகாது, உடல் அடங்கக் குறைந்தது இருபது நிமிடம் வேண்டும் என்றும் அவர் சொல்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னலைப் பார்த்ததெல்லாம் இந்த வகைதான். விலகிப்போவது தப்பில்லை, திரும்பி வராததுதான் தப்பு. "இப்ப என்னால பேச முடியல, அரை மணி நேரத்துல வரேன்" என்று சொல்லிவிட்டுப் போய், சொன்ன நேரத்துக்கு வந்து உட்கார வேண்டும். முதல் பாதியை மட்டும் செய்துவிட்டு நான் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியிருந்தேன். போய் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் அடுத்து என்ன சொல்லி மடக்கலாம் என்று யோசித்தால் துடிப்பு இறங்காது. நடந்துவிட்டு வாருங்கள்.

திரும்பி வந்து பேசும்போது "நீ எப்பவுமே" என்று தொடங்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. என்ன நடந்தது, எனக்கு எப்படி இருந்தது, எனக்கு என்ன வேண்டும், இந்த மூன்றையும் சொன்னால் போதும் என்று அந்த அம்மா எனக்குப் பயிற்சி கொடுத்தார். வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசச் சொன்னார். "ரயிலுக்கு ஓடினப்ப எனக்குப் பயமா இருந்தது. அடுத்த தடவை அரை மணி முன்னாடி கிளம்பலாமா?" ஒரு நாற்காலியிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நான் இதுவரை சொன்னதெல்லாம், இரண்டு பேரும் நல்லவர்களாக இருந்து பேசத் தெரியாமல் கெட்டுப்போன உறவுக்குத்தான். கை ஓங்குபவர், போனைப் பிடுங்கிப் பார்ப்பவர், பணத்தையும் நண்பர்களையும் பறித்துக்கொண்டு உன்மேல் உள்ள அன்பால்தான் செய்கிறேன் என்பவர், போனால் செத்துப்போவேன் என்று மிரட்டுபவர், இவர்களிடம் இன்னும் நன்றாகப் பேசிப்பார்க்கலாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் தங்கிவிடாதீர்கள். வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது என்றால் குறை உங்கள் பேச்சில் இல்லை. நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள், பாதுகாப்பாக வெளியே வர வழி பாருங்கள். அந்த நிலையில் ஜோடியாக ஆலோசனைக்குப் போவதுகூட நல்லதில்லை. உள்ளே சொன்னதற்கு வீட்டில் அடி விழும்.

அவளும் நானும் மறுபடி சேரவில்லை, சேரும் எண்ணமும் இல்லை. கடன் மட்டும் இன்னும் இருக்கிறது, நான்கு தவணை பாக்கி. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அவளிடமிருந்து "அனுப்பிட்டேன்" என்று வரும். நான் "வந்தது" என்று போடுவேன். போன மாதம் "அனுப்பிட்டேன்" என்பதற்குக் கீழே, "எப்படி இருக்க? வேலை எப்படிப் போகுது?" என்றும் இருந்தது. "நல்லா போகுது" என்று அடித்தேன். அனுப்பவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்துவிட்டு, "நல்லா இல்ல. மேலதிகாரியோட வாரத்துக்கு ரெண்டு தடவை சண்டை" என்று எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

"சண்டையா? நீயா?"